பழைய காருக்கு எந்தச் செலவு தகும்?

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை வைத்திருப்பவர் என்றேனும் ஒருநாள் ஒரு கணக்குப் போட்டே ஆகவேண்டும். கிளட்ச் வழுக்குகிறது, சஸ்பென்ஷனில் சத்தம் கேட்கிறது, ஏ.சி. குளிர்வதில்லை. மெக்கானிக் எழுதித் தரும் தொகை வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தொட்டுவிடுகிறது. அந்த இடத்தில் பலரும் கையிலெடுக்கும் விதி ஒன்றுதான்: பழுதுச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடு. செங்கல்பட்டு மாவட்டத்து நாவலூரைப் போன்று புதுக் கார்களும் பழைய கார்களும் தாராளமாகக் கைமாறும் ஊரில் இந்த விதி இயற்கை நியதி போலவே தோன்றும். ஆனால் இந்த வட்டாரத்தின் கார் வரலாற்றில் அதற்கு வயது மிகக் குறைவு. நினைத்தபோது வேறு கார் வாங்க முடிகிற காலத்தில் மட்டுமே அப்படிக் கணக்குப் போட முடியும். அந்தக் காலம் இங்கே 1990களின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முந்தைய நூறாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. கார்கள் அதிகம் ஓடியதால் ஒழிந்ததைவிட, பாகம் கிடைக்காமலும் பாடி துருப்பிடித்தும் ஒழிந்ததே மிகுதி. எந்தப் பழுதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு விடை தேடவேண்டிய இடம் ஓடோமீட்டரும் சந்தை விலையும் ஆகா. அந்தக் காரின் உடம்பும் அதன் உதிரிபாகங்களின் வருங்காலமும்தான்.

சென்னையில் கார் வந்தபோது அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குதிரை வண்டி கட்டியவர்களே. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் கோச்சு வண்டிகளுக்குப் பேர்போனது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் ஓடும் காரை உருவாக்கி ஓட்டிக் காட்டினார். மரத்தச்சும் இரும்பு வேலையும் அறிந்த பட்டறைகளே புதிய வாகனத்தின் வைத்தியசாலைகளாயின. இறக்குமதியான காருக்கு ஒரு பாகம் ஒடிந்தால் அது கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது உள்ளூரிலேயே அதை வார்த்தும் கடைந்தும் எடுக்கவேண்டும். இரண்டாம் உலகப் போர் இந்த நெருக்கடியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. பெட்ரோல் பங்கீட்டுக்குள் வந்தது. 1942இல் மலாயா ஜப்பானிடம் வீழ்ந்தபின் ரப்பர் அரிதானது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு உண்டாக்கும் சாதனத்தைத் தயாரித்துப் பேருந்துகளை ஓடவைத்தது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டும் தொழிலும் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. அந்நாளில் எந்த முதலாளியும் பழைய வாகனத்தின் சந்தை விலையைப் பார்த்துப் பழுதுபார்க்கவில்லை. மாற்று வாகனமே கிடைக்காதபோது, ஓடும் வாகனத்தின் மதிப்பு அது செய்யும் வேலையின் மதிப்பு மட்டுமே.

விடுதலைக்குப் பின்னும் பஞ்சம் நீடித்தது, காரணம்தான் மாறியது. தீர்வை ஆணையத்தின் 1953ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குப் பிறகு, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருந்த நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்றானது. வெறும் பூட்டுவேலை செய்துவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. கார் விற்பனையும் விலையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1980இல்கூட நாடு முழுவதும் தயாரான கார்கள் ஏறத்தாழ 30,000தான். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்தக் காலத்தில், அம்பாசடரும் ஃபியட்டும் ஒரே இஞ்சினோடு இரண்டு மூன்று பிறவி எடுத்தன. சிலிண்டர் தேய்ந்தால் லேத் பட்டறையில் அதைப் போர் செய்து அகலமாக்கி, அளவு கூடிய பிஸ்டனைப் போடுவார்கள். கிராங்க் ஷாஃப்டைச் சாணைபிடித்து, அதற்கேற்றபடி தடித்த பேரிங்கைப் பொருத்துவார்கள். இதற்கான பாகங்கள் நம்மைச் சுற்றியே பிறந்தன. 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது; 1960களின் தொடக்கத்தில் சென்னையின் பாடிப் பகுதியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என வரிசையாக ஆலைகள் எழுந்தன. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுப் பாகம், புதுப்பேட்டையில் கழற்றி எடுத்த பாகம் என்று இரண்டு சந்தைகள் வளர்ந்தன. சென்னை மெக்கானிக்கின் கைத்திறன் என்று நாம் பெருமைப்படுவதற்குப் பின்னால் இந்த ஆலைகளும் இந்தக் கடைவீதிகளும் இருந்தன. பாகம் இருந்ததால்தான் திறன் பயன்பட்டது.

இதற்கான மிகத் தெளிவான சான்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. நாவலூருக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் தொடங்கும் சாலை மேற்கே போய் முடியும் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. வேன்கார்டு, பென்னன்ட் ஆகியவற்றுக்குப் பின் 1961இல் அது ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. ஹெரால்டு பழுதுபார்ப்பவருக்கென்றே வடிவமைத்தது போன்ற கார். அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. மேலே உள்ள தகடுகள் போல்ட்டால் பூட்டப்பட்டவை. பானட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்க, இஞ்சினும் முன்சக்கரச் சஸ்பென்ஷனும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட கார் அம்பாசடரை விட நீண்ட நாள் வாழ்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஹெரால்டுக்குப் பின் வந்த கெசல் 1977இல் நின்றது, 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 ரோவரின் நவீன உடலுக்குள் வேன்கார்டு காலத்து இஞ்சினைச் சுமந்துகொண்டு வந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் மறைந்தது, தொழிற்சாலையும் மூடியது. பழுதுபார்க்க ஹெரால்டு அளவுக்கு வசதியில்லாத அம்பாசடர் 2014 மே வரை தயாரிப்பில் இருந்ததால் அதன் பாகம் தாலுகா ஊர்க் கடையிலும் கிடைத்தது. ஒரு காரின் ஆயுளை அதன் இயந்திர நேர்த்தியை விட, அந்தக் காரைப் போல எத்தனை கார்கள் சாலையில் ஓடுகின்றன, அவற்றுக்குப் பாகம் செய்வோர் எத்தனை பேர் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. வண்டலூரில் செய்த கார் வண்டலூரிலேயே அனாதையானது இதற்குப் போதுமான பாடம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது பஞ்சத்தின் முடிவு தொடங்கியது. சென்னை வட்டாரத்தில் அது முழுமை பெற்றது 1990களின் பிற்பாதியில். மறைமலை நகரில் மகிந்திராவுடன் சேர்ந்து ஃபோர்டு மீண்டும் வந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. 1999இல் ஃபோர்டின் ஐகான் வந்தது. அடுத்த பத்தாண்டில் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் ஆறுவழியாக விரிந்த பழைய மகாபலிபுரம் சாலையும் நாவலூரின் முகத்தை மாற்றின. ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் அடுக்குமாடிகள் எழுந்தன. சம்பளக்காரர்களின் கார்கள் நிறைந்தன. அவர்கள் மாற்றிப்போட்ட கார்கள் அடுத்தவர் கைக்கு வந்தன. பாதி விலை விதி உருப்பெற்றது இந்தச் செழிப்பில்தான். அந்த விதியின் பிழை, இரண்டு வெவ்வேறு அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. சந்தை விலை என்பது வேறொருவர் அந்த வண்டிக்கு என்ன தருவார் என்பதைச் சொல்லும். அது உங்களுக்கு இன்னும் எவ்வளவு உழைக்கும் என்பதைச் சொல்லாது. ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். பழுதோடு விற்றால் 1 லட்சம் பெறும் காருக்கு 75,000 ரூபாய் செலவு வருகிறது. அதை விற்றுவிட்டு 5 லட்சத்துக்கு வேறொரு பழைய கார் வாங்குபவர் 4 லட்சம் கடன் எடுக்கிறார். 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தவணை என்றால் வட்டி மட்டுமே சுமார் 78,000 ரூபாய். பழுதுபார்ப்புச் செலவை வட்டியே விழுங்கிவிட்டது. வாங்கிய வண்டியின் விலை வீழ்ச்சியும் கூடுதல் காப்பீடும் அதன் மேல் வரும். சரியான ஒப்பீடு இதுதான்: இந்தச் செலவு எத்தனை ஆண்டு ஓட்டத்தைத் தரும், அதே ஓட்டத்தை வேறு வழியில் பெற என்ன ஆகும்?

ஓடிய தூரமும் அரைச் சான்றுதான். ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சராசரி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய காரின் இஞ்சின் 2,000 மணி நேரம் சுழன்றிருக்கும்; அதே தூரத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து கடந்தது 5,000 மணி நேரம் சுழன்றிருக்கும். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்றே. திண்டிவனம் சாலையில் நாள்தோறும் ஓடிய காரையும், மெட்ரோ ரயில் பணிகளால் குறுகிப்போன பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூருக்கும் நாவலூருக்கும் இடையே முதல் கியரில் நகர்ந்த காரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டாவது காரின் கிளட்சும் கூலிங் ஃபேனும் ஆயிலும் பட்டபாடு வேறு. இந்த ஊருக்கே உரிய இன்னும் இரண்டு பகைகள் இருக்கின்றன. ஒன்று கடல். நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காடு கழிமுகமும் அவற்றைத் தாண்டி வங்கக் கடலும் கிடக்கின்றன. அங்கிருந்து வரும் உப்புக்காற்று தகட்டின் இடுக்குகளிலும் பிரேக் குழாய்களிலும் துருவை வளர்க்கிறது. மற்றொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. நீர் புகுந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தால், அமுங்காத நீரின் மேல் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைகிறது. அந்த இஞ்சினை மாற்றிவிடலாம். ஆனால் வயர்களுக்குள்ளும் கன்ட்ரோல் யூனிட்டுகளுக்குள்ளும் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் ஒவ்வொரு கோளாறாக வெளிவரும். 40,000 கிலோமீட்டர் ஓடி ஒருமுறை மூழ்கிய காரை விட, 2 லட்சம் ஓடி மேட்டிலேயே நின்ற கார் செலவுக்குத் தகுதியானது.

இவற்றிலிருந்து பழுதுகளுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் பாடியின் அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டும். இன்றைய கார்களுக்கு ஹெரால்டைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களும் அரித்துப்போன காருக்கு வேறு எந்தப் பெருஞ்செலவும் தகாது. பட்டி போட்டு பெயிண்ட் அடிப்பது துருவை மறைக்குமே தவிர உறுதியைத் தராது. உடல் நன்றாக இருந்தால், அடுத்து வருபவை உயிர் காக்கும் பாகங்கள்: பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட். இங்கே விலை பார்ப்பதற்கில்லை. செய்ய முடியாவிட்டால் ஓட்டாதிருப்பதே வழி. மூன்றாவதாக, சிறிய செலவில் பெரிய சேதத்தைத் தடுக்கும் வேலைகள். டைமிங் பெல்ட்டை அதன் காலக்கெடுவில் மாற்றாமல் விட்டால், பல இஞ்சின்களில் அது அறுந்த நொடியில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். கூலன்ட் கசியும் ஒரு குழாய் ஹெட் கேஸ்கெட்டை எரித்துவிடும். செங்கல்பட்டு ஏரிகளின் நாடு. மழைக்கு முன் மதகையும் கரையையும் ஊரே கூடிச் சீர்செய்த குடிமராமத்து வழக்கத்தின் அறிவும் இதுதான்: உடைந்தபின் கட்டுவதைவிட உடையுமுன் காப்பது மலிவு. கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஆல்டர்னேட்டர் போன்ற தேய்மானப் பாகங்கள் நான்காவது. வண்டியை இன்னும் இரண்டு மூன்று ஆண்டு வைத்திருக்கப்போகிறவருக்கு இவை நியாயமான செலவு. இஞ்சினைப் பிரித்து வேலைசெய்வது அதற்கும் பின்னே. உடலும் கியர்பாக்ஸும் உறுதியாக இருந்து, பாகமும் நல்ல லேத் பட்டறையும் கிடைக்கும்போது மட்டும் அது தகும். கீறல், பம்பர் நசுங்கல், பவர் விண்டோ சத்தம் ஆகியவை கடைசி. விற்கும்போது விலை கூடும் என்று இவற்றுக்குச் செலவிடும் பணம் முழுதாகத் திரும்புவது அரிது.

பாகம் கிடைக்குமா என்ற கேள்வியை ஸ்டாண்டர்டு காலத்தோடு முடிந்த கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்தது. 1950களில் ஒருமுறை வெளியேறிய அதே நிறுவனம் இரண்டாம் முறையும் உற்பத்தியை விட்டது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அது உறுதி கூறியது உண்மை. அந்த உறுதி எவ்வளவு காலம் எந்தப் பாகத்துக்கு எந்த விலையில் என்பதுதான் மாவட்டத்தில் இன்னும் ஓடும் எக்கோஸ்போர்ட், ஃபீகோ உரிமையாளர்களின் கணக்கைத் தீர்மானிக்கும். எக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுழல்கிறது. சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றாவிட்டால் பெல்ட் சிதைந்து ஆயில் வழியையே அடைத்துவிடும். இத்தகைய இஞ்சினுக்குச் சரியான ஆயிலும் சரியான பெல்ட்டும் கிடைக்கும்வரைதான் பெரிய செலவு பொருள் தரும். எனவே லட்சக்கணக்கில் விற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மாருதிக்குத் தகும் அதே இஞ்சின் வேலை, சில ஆயிரம் மட்டுமே விற்று நின்றுபோன ஒரு காருக்குத் தகாமல் போகலாம். அதன் இஞ்சின் மேலானதாக இருந்தாலும் இந்த முடிவு மாறாது.

பழைய காரை ஓட்டவைப்பது ஆபத்தானது, காற்றையும் கெடுக்கும் என்ற எதிர்வாதம் வலிமையானது. 2019க்கு முன் வந்த மலிவுக் கார்கள் பலவற்றில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது, எந்தப் பழுதுபார்ப்பும் அவற்றை உண்டாக்கித் தராது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 தரத்துக்கும் முந்தைய தரங்களுக்கும், குறிப்பாக டீசலில், உள்ள வேறுபாடு பெரிது. இதை மறுப்பதற்கில்லை. குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி வேகமாகப் பயணிப்பவர் ஏர்பேக் இல்லாத காரில் பெரிய தொகை போடுவது தவறு என்றே கருதுகிறேன். ஆனால் இந்த வாதம் வயதுக்கு ஒரே கோடு கிழிக்கும்போது தன் நியாயத்தை இழக்கிறது. தில்லியில் பத்தாண்டு டீசலுக்கும் பதினைந்தாண்டு பெட்ரோலுக்கும் போட்ட தடை அந்நகரத்துக் காற்றின் அவசரத்தால் வந்தது. மற்ற இடங்களில் மோட்டார் வாகனச் சட்டம் பதினைந்து ஆண்டுக்குப் பின் வண்டியைச் சோதித்து ஐந்தாண்டு புதுப்பிக்க வழி வைத்திருக்கிறது. 600 ரூபாயாக இருந்த அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. கட்டணத்தை ஏற்றுவதைவிடச் சோதனையை உண்மையானதாக்குவதே காற்றுக்கும் உயிருக்கும் நல்லது. பிரேக்கும் புகையும் சரியாக இருக்கும் பழைய காரை ஓடவிட்டு, அவை சரியில்லாததை வயது பாராமல் நிறுத்தும் சோதனை வேண்டும். ஒரு புதிய காரைச் செய்ய ஆகும் எஃகும் மின்சாரமும் சேர்ந்த மாசுக் கணக்கையும் நாம் மறந்துவிடக் கூடாது. மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை மாற்றினால் அந்த மாசுக் கடனை அடைக்கப் பல்லாண்டு ஆகும்.

இன்னொரு எதிர்வாதம் தொழிலைப் பற்றியது. ரீபோரும் சாணைபிடிப்பும் கூலி மலிவாக இருந்த காலத்து வேலைகள். இன்றைய கார் சென்சார்களாலும் மென்பொருளாலும் ஆனது. தெருமுனை மெக்கானிக்கால் அதைத் தொடவே முடியாது என்பார்கள். கூலி மலிவாக இருந்தது உண்மை. அது பெருமைக்குரிய வரலாறும் அல்ல. சிறுவயதிலேயே பள்ளியை விட்டு ஷெட்டில் சேர்ந்து, ஆயிலிலும் புகையிலும் வளர்ந்தவர்களின் உழைப்பின் மேல்தான் அந்தக் காலத்துக் கார்களின் நீண்ட ஆயுள் நின்றது. திறனுக்குத் தக்க கூலி கேட்கும் மெக்கானிக்கிடம் கொடுக்கும் பணத்தை வீண்செலவாகக் கருதுவதை நாம் நிறுத்தவேண்டும். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சரியான பழுதைக் கண்டுபிடிப்பவர், ஐந்நூறு வாங்கிக்கொண்டு மூன்று பாகங்களைத் தேவையில்லாமல் மாற்றுபவரை விட மலிவானவர். பழைய காரில் மிகவும் தகுதியான முதல் செலவு, வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து முழுச் சோதனை செய்வதற்குத் தரும் கூலியே. அந்தச் சோதனை முடிந்தபின் போன மாதம் எவ்வளவு செலவழித்தோம் என்று பார்க்கக் கூடாது. போட்ட பணம் திரும்பி வராது. இனிப் போடும் பணம் என்ன தரும் என்பதே கேள்வி.

மென்பொருள் பற்றிய அச்சத்துக்கு விடை தனிமனிதர் கையில் இல்லை. கொள்கையின் கையில் இருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதன் வரம்பில் வாகனங்களையும் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. நிறுவனங்கள் கையேட்டையும் பாகத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தரவேண்டும் என்ற அந்த எண்ணம் இன்னும் கட்டாயச் சட்டமாகவில்லை. ஒரு மாடலின் உற்பத்தி நின்றபின் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை அதன் பிரேக், ஸ்டீயரிங், கன்ட்ரோல் யூனிட் போன்ற முக்கியப் பாகங்களை நியாய விலையில் தரவேண்டும் என்பதைச் சட்டமாக்கக் கேட்கும் உரிமை வேறு எந்த மாவட்டத்தையும் விடச் செங்கல்பட்டுக்கு அதிகம். வண்டலூரில் ஒருமுறையும் மறைமலை நகரில் ஒருமுறையும் ஆலை நிற்பதை அது பார்த்துவிட்டது. நிற்கும்போது தொழிலாளி வேலையையும் கார்க்காரர் தன் சேமிப்பையும் இழப்பதை அறிந்துவிட்டது. காரைச் செய்ய நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் தரும் ஒரு மாநிலம், செய்த காரைப் பேண வழிசெய்யும் கடமையையும் நிறுவனங்களின் மேல் வைப்பது நியாயமான ஒப்பந்தமே. அது நிறைவேறும்வரை, பழைய கார் வைத்திருப்பவர் உடல் உறுதியையும் பாகத்தின் வருங்காலத்தையும் பார்த்துச் செலவிடட்டும். அவை இரண்டும் இருக்கும் காருக்கு நிதானமாகப் பழுது பார்க்கட்டும். இல்லாத காரை ஓடோமீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் வருத்தமின்றி விட்டுவிடட்டும்.